கட்டைவிரல் இல்லாதவர் வாங்கிய துப்பாக்கி

ஹெல்மர் லோக்கனுக்கு வலதுகையில் கட்டைவிரல் கிடையாது. ஓடுகிற காளைக்குச் சுருக்குப் போட்டுவிட்டு, கயிற்றைக் குதிரைச் சேணத்தின் கொம்பில் சுற்றும்போது விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். அது ரொம்ப வருஷத்துக்கு முந்தைய கதை. மொன்டானாவில் மாடு வளர்க்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கையில் ஒன்றோ இரண்டோ குறைவாகத்தான் இருக்கும். கை குலுக்கும்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

செத்த பிறகுதான் எண்ணினார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம் அக்டோபரில், முதல் பனி விழுந்த மறுநாள், மருமகன் லாய்ட் கர்டிஸின் வேலியோரம் நெஞ்சில் குண்டோடு கிடந்தார் ஹெல்மர். பக்கத்தில் புத்தம்புதிய துப்பாக்கி கிடந்ததாம். "கட்டைவிரல் இல்லாத ஆளு துப்பாக்கியைத் தூக்கிட்டு முள்கம்பி தாண்டியிருக்காரு, துப்பாக்கியோட சுத்தி நழுவி வெடிச்சிடுச்சு" என்றார் ஷெரிஃப். விபத்து என்று முடித்துவிட்டு மான் வேட்டைக்குக் கிளம்பினார். சீசன் ஆயிற்றே, மனுஷனைக் குறை சொல்ல முடியுமா?

ஊருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் அர்லீனின் கல்யாண விருந்தில், எல்லோர் முன்பும் ஹெல்மர் சொல்லியிருந்தார்: "இந்த லாய்ட் நிலத்துல நான் கால் வெச்சா, கையில துப்பாக்கியோடதான் வைப்பேன்." அப்படியே வந்தார். மருமகனைச் சுட வந்தவர் தன்னையே சுட்டுக்கொண்டார் என்று சர்ச் வாசலிலும் காபிக் கடையிலும் பேசிப் பேசி மென்றார்கள். சிலர் கடவுளையும் சாட்சிக்கு இழுத்தார்கள்.

அர்லீன் மட்டும் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஆபீஸ் என்றால் முடிதிருத்தும் கடைக்கு மேல் ஒரு மாடி அறை. சின்ன உடம்பு, முப்பது வயது இருக்கும். இடதுகையால் தீக்குச்சி கிழித்துச் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டாள்.

"அவரு எப்படிச் செத்தாருன்னு நான் கேக்கலை மேடம். என் புருஷனைக் கொல்லத்தான் வந்தாரா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

"ஆமான்னு தெரிஞ்சா?" என்று கேட்டார் வெர்னா.

"கல்லறைக்குப் போறதை நிறுத்திடுவேன். இப்ப தினமும் போறேன். அழறதா திட்டறதான்னு தெரியாம நின்னுட்டு வந்துடறேன்."

வெர்னா ஹால்வர்சன் என் முதலாளி. அவருடைய புருஷன் வேட்டை இலாகாக் காவலர். அவர் குடித்துக் கவிழ்ந்த நாட்களில் கள்ள வேட்டைக்காரர்களைப் பிடித்ததெல்லாம் வெர்னாதான். பதக்கம் புருஷனுக்கு வந்தது. அவரைப் புதைக்கும்போது அந்தப் பதக்கத்தையும் சேர்த்தே புதைத்துவிட்டு, வெர்னா சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போர்டு மாட்டினார். நான் டெல் கிட்டோ. ப்யூட் நகரத்துச் சுரங்கத்தில் என் அப்பாவின் நுரையீரல் என்ன ஆனது என்பதைப் பார்த்து, மண்ணுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று ஓடிவந்தவன். வண்டி ஓட்டுவது, கதவு தட்டுவது, திட்டு வாங்குவது என் வேலை. வாயடிப்பது சம்பளமில்லாத வேலை.

ஷெரிஃப் திருப்பிக் கொடுத்திருந்த துப்பாக்கியை அர்லீன் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து எடுத்த காலித் தோட்டாக் கூடு ஒரு தீப்பெட்டிக்குள் இருந்தது.

மறுநாள் காலை கடைத்தெருவுக்கு வண்டியை ஓட்டினேன். துப்பாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் போர்வை சுற்றிக் கிடந்தது. வண்டியில் ஹீட்டர் கிடையாது. ஆகவே போர்வை போர்த்தியிருந்தது அது ஒன்றுதான்.

"பாஸ், ஒரு சந்தேகம்" என்றேன். "கட்டைவிரல் இல்லாத ஆளு எதுக்கு இந்த மாதிரி துப்பாக்கி வாங்கணும்? மொட்டைத் தலையன் சீப்பு வாங்கின மாதிரி இருக்கே."

"இன்னிக்கு நீ பேசினதுலயே உருப்படியானது இதுதான்."

"இன்னும் மத்தியானமே ஆகலை பாஸ். அதுக்குள்ள முடிவு பண்ணாதீங்க."

என் சந்தேகம் நியாயமானதுதான். அது பாயின்ட் டூ-டூ லீவர் துப்பாக்கி. முயல், வயல் எலி சுடுகிற சின்னத் தோட்டா. ஆனால் கிட்டத்தில் மனுஷனுக்கும் போதும். விசைக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் துப்பாக்கி வாயைத் திறக்கும். திரும்ப மேலே இழுத்தால் தோட்டா உள்ளே போய், பின்பக்கச் சுத்தி எழுந்து நிற்கும். சுட வேண்டாம் என்று மனம் மாறினால், எழுந்த சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். கட்டைவிரல் இல்லாதவன் மனம் மாறவே முடியாது. அதனால்தான் ஹெல்மர் முப்பது வருஷமாக வேறு ரகத் துப்பாக்கி வைத்திருந்தார். பக்கவாட்டில் கைப்பிடி உள்ளது, பெரிய தோட்டா போடுவது. அவர் வீட்டை நாங்கள் முன்தினம் அலசிவிட்டோம். அந்தப் பெரிய தோட்டாக்கள் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை.

"யாரோ துப்பாக்கியை மாத்தி வெச்சுட்டாங்க பாஸ். அவரு வாங்கினது வேற, பக்கத்துல கிடந்தது வேற. கேஸ் முடிஞ்சது. வாங்க, சூடா இறைச்சிப் பாஸ்டி சாப்பிடலாம்."

"சுட்டது யாருன்னு ஊரே பேசிடுச்சு. இதைக் கடையில எடுத்தவரு என்ன நினைச்சு எடுத்தாருன்னு ஒருத்தரும் கேக்கலை. அதைக் கேட்டுட்டுச் சாப்பிடலாம்."

ஆஸ்கர் ரின்டாலின் இரும்புக் கடையில் ஆணி, லாடம், அடுப்புக் குழாய் எல்லாம் தாண்டிப் பின்சுவரில் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி விற்கிற கடை அது ஒன்றுதான். வெர்னா போர்வையை விலக்கி, லீவரைக் கீழே தள்ளித் திறந்து, துப்பாக்கியைக் கல்லாமேசையில் வைத்தார். ஆஸ்கர் அது திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் உள்ளே விரலை விட்டுத் துழாவிவிட்டுத்தான் கையில் எடுத்தார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். துப்பாக்கி கை மாறும்போது வாய் திறந்திருக்க வேண்டும். மூடிய துப்பாக்கியை நீட்டுகிறவனுக்கு அடுத்த தடவை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

"இதுதானா ஹெல்மர் வாங்கினது?"

"இதேதான். சத்தியமா இதேதான்."

என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெர்னா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுவே போதுமான நக்கல்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஆஸ்கர்" என்றேன். "கட்டைவிரல் இல்லாதவருக்கு இதை வித்தீங்களா? அடுத்து என்ன, பார்வையில்லாதவருக்குக் கண்ணாடியா?"

"டேய் சுரங்கத்துப் பையா, நான் சொல்லலேன்னு நினைச்சியா? சுத்தி வெளியவே தெரியாத ரகம் ஒண்ணு புதுசா வந்திருக்கு. லீவர்தான், ஆனா பட்டன் அழுத்தினா பூட்டிக்கும், கட்டைவிரல் வேலையே கிடையாது. அதை எடுத்து அவரு கையில குடுத்தேன். ஆசையாத் தடவிப் பாத்தாரு. 'எனக்குன்னா இதைத்தான் எடுப்பேன் ஆஸ்கர்'னுட்டுத் திருப்பி மாட்டிட்டாரு."

வெர்னா கையுறையைக் கழற்றினார். அவர் கையுறையைக் கழற்றினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"எனக்குன்னா... அப்படித்தான் சொன்னாரா?"

"அப்படியேதான். அப்புறம் ஒரு மத்தியானம் முழுக்க என் உயிரை எடுத்துட்டாரு. முதல்ல நீளக் குழல் வெச்சது. 'வேணாம், முன்னாடி கனக்கும், கை நடுங்கிடும்'னாரு. கைப்பிடி பக்கவாட்டுல இருக்கிற ரகம் விலை கம்மி, அதைக் காட்டினேன். 'அந்தச் சனியனைக் காட்டாதே'ன்னு கத்தினாரு. அவரு வாழ்க்கை பூரா வெச்சிருந்ததே அந்தச் சனியன்தானே! கடைசியில இந்தக் குட்டை ரகம். இதை என் கையில குடுத்து, 'நீ இடதுகைக்காரன்தானே ஆஸ்கர், இடது தோள்ல வெச்சுக் காட்டு'ன்னாரு."

"வெச்சுக் காட்டினீங்களா?"

"ஒரு தடவையா? குனிஞ்சு, நிமிந்து, மண்டி போட்டு. என் பொண்டாட்டி வந்து பாத்துட்டுச் சிரிச்சுட்டுப் போனா. 'உனக்குச் சரியா இருக்குன்னா அதுக்கு நீளம்'னாரு. தோள்ல பதியற பின்கட்டையில ரெண்டு விரக்கடை அறுக்கச் சொன்னாரு. புதுத் துப்பாக்கியை அறுக்கவான்னு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பக்கத்துலயே நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு..."

துப்பாக்கியின் பின்கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அறுத்த இடம் வழுவழுவென்று இழைத்து எண்ணெய் பூசியிருந்தது. இவ்வளவு நேரம் அது என் முட்டிக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

பக்கவாட்டில் கைப்பிடி வைத்த துப்பாக்கிகளுக்கு அந்தக் கைப்பிடி வலப்பக்கம்தான் இருக்கும். இடதுகைக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிக்கு மேலே கையைச் சுற்றி எடுத்துப் போராட வேண்டும். லீவர் அப்படி இல்லை. நட்டநடுவில் இருக்கிறது. எந்தக் கைக்கும் ஓரவஞ்சனை கிடையாது. எனக்கு ஒரு தீக்குச்சி ஞாபகம் வந்தது, அதைக் கிழித்த கையும்.

"யாருக்குன்னு சொன்னாரா?" என்று வெர்னா கேட்டார்.

"சொல்லலை. 'பன்னெண்டு வயசுல குடுத்திருக்க வேண்டியது'ன்னு மட்டும் சொன்னாரு. நான் மேல கேக்கலை."

இங்கே பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா முதல் துப்பாக்கியைக் கொடுப்பார். ஆணோ பெண்ணோ, கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் இந்தப் பிள்ளை தேறாது என்று அப்பாவே ஊருக்குச் சொன்ன மாதிரி.

"தோட்டா எத்தனை டப்பா வாங்கினாரு?" என்றேன்.

ஆஸ்கர் 'பாவம் இவன்' என்பதுபோல் என்னைப் பார்த்தார். "பரிசாக் குடுக்கற துப்பாக்கியைக் காலியாத்தான்டா குடுக்கணும். முதல் டப்பாவை வாங்கிக்கறவங்க தன் கையால வாங்கணும். அப்பத்தான் அது அவங்களுது. உங்க ஊர்ல இது கூடக் கிடையாதா?"

"எங்க ஊர்ல பரிசுன்னா சாராய பாட்டில். அதுவும் வழியிலயே காலியாயிடும்."

வெர்னா தீப்பெட்டியைத் திறந்து காலிக் கூட்டை மேசைமேல் தட்டினார். விரல்நுனி அளவுதான். வெள்ளியாகப் பளபளத்தது.

"இது என் கடைச் சரக்கு இல்லை" என்றார் ஆஸ்கர் உடனே. "நான் விக்கிறது மஞ்சப் பித்தளை. இந்த வெள்ளைச் சரக்கு தபால்ல வர்றது. கடை பக்கத்துலயே இருக்கும்போது தபால்ல எழுதிப் போட்டு வாங்கறானுங்களே, அந்த மகராசனுங்க சமாசாரம்."

"ஷெரிஃப்கிட்ட இதையெல்லாம் ஏன் சொல்லலை ஆஸ்கர்?"

"அவரு கேக்கலை." ஆஸ்கர் கல்லாமேசையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "குடும்பத்துச் சண்டை. நான் வாயைத் திறந்தா ரெண்டு பக்கமும் கடைக்கு வர மாட்டாங்க. அன்னிக்கு அவரு லீவரைத் தொறந்து தொங்க விட்டுட்டுத்தான் கடையை விட்டுப் போனாரு, அதையாவது சொல்லியிருக்கலாம். சுத்தியை இறக்க விரல் இல்லாத ஆளு, மூடி எடுத்துட்டுப் போவாரா? தூரத்துல வர்றவங்களுக்கே தெரியும், தாடை தொங்கற மாதிரி தொங்கும்."

அந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் நான் பலரை வெறுத்திருக்கிறேன். அன்றைக்கு ஆஸ்கரின் துடைக்கும் துணியை வெறுத்தேன்.

லாய்டின் பண்ணைக்குப் போகிற வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். "நல்ல சேதிதானே பாஸ்? அந்தப் பொண்ணு கேட்டது ஒரே கேள்வி. கொல்ல வந்தாரா? வரலை. பொண்ணுக்குப் பரிசு கொண்டு வந்தாரு. போய்ச் சொல்லிட்டு ஒரு காபி குடிச்சுட்டு வந்துடலாம்."

"தோட்டாவே வாங்காத துப்பாக்கி எப்படிடா வெடிச்சுது?"

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"வாய் தொறந்து தொங்கற துப்பாக்கி எப்படி வெடிச்சுது? வேலி தாண்டும்போது சுத்தி நழுவறதுக்குச் சுத்தி எழுந்திருக்கவே இல்லையே." வெர்னா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "நல்ல சேதியை மட்டும் பிச்சு அவ கையில குடுக்க முடியும்னா நான் இப்பவே குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"அன்னிக்கு அர்லீன் எங்க இருந்தா?"

"சர்ச்ல, மத்த பொம்பளைங்களோட போர்வை தைச்சுட்டு இருந்தா. வீட்டுல ஒரே ஒரு ஆளுதான்."

சமையலறையில் அர்லீன் மாட்டிறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்தாள். லாய்ட் எழுந்து வந்து தொப்பியைக் கழற்றி வரவேற்றான். நெட்டையான ஆள், மென்மையான குரல். எங்களுக்குக் காபி ஊற்றியதும் அவன்தான். வெர்னா என்னைக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். கதவுக்கு மேலே லாய்டின் சின்னத் துப்பாக்கி மாட்டியிருந்தது. ஏன் அங்கே உட்காரச் சொன்னார் என்பது புரிந்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டேன்.

வெர்னா குட்டைத் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டதும் லாய்ட் பழைய கதையைச் சொன்னான். "தொழுவத்துல இருந்தேன். வேலிப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. ஓடினேன். அவரு அப்பவே போயிட்டாரு. துப்பாக்கி பனியில கிடந்துச்சு. ஈரத்துல துரு ஏறிடுமேன்னு எடுத்துத் துடைச்சு உள்ள கொண்டாந்தேன். அவ்வளவுதான்."

"கிடக்கும்போது லீவர் எப்படி இருந்துச்சு?"

"மூடித்தான் இருந்துச்சு."

"சரி. தானா வெடிக்குதான்னு இதை ஒரு தடவை சுட்டுப் பாக்கணும் லாய்ட். ஆஸ்கர் கடையில தோட்டா வாங்க மறந்துட்டேன். கடனா ஒண்ணு கிடைக்குமா?"

எங்கள் பக்கம் அதற்கு இல்லையென்று யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற மாதிரிதான். லாய்டின் கை தன்பாட்டுக்கு ஜன்னல் மேடைக்குப் போனது. எந்தப் பண்ணை வீட்டிலும் சமையலறை ஜன்னலில் ஒரு பழைய புகையிலை டப்பா இருக்கும், அதில் சில்லறைத் தோட்டாக்கள் இருக்கும். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வெர்னாவின் உள்ளங்கையில் வைத்தான்.

வெள்ளித் தோட்டா.

வெர்னா தீப்பெட்டியிலிருந்த கூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரி மேசையில் நின்றன. அடுப்பில் இறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்த ஊர்ல வெள்ளைத் தோட்டா நான் ஒருத்தன்தான் வெச்சிருக்கேனா?" என்றான் லாய்ட். குரல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது.

"இல்லை. பத்து வீட்டுல இருக்கும். ஆனா ஹெல்மர் வீட்டுல எந்த நிறத்துலயும் இல்லை. அவரு துப்பாக்கி மட்டும்தான் வாங்கினாரு, தோட்டா வாங்கலை. ஏன்னா அது அவருக்கு இல்லை." வெர்னா லாய்டைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டு அடுப்பருகே நின்ற அர்லீனிடம் திரும்பினார். "உங்கப்பா ஒரு மத்தியானம் பூரா கடையில நின்னு இதை எடுத்திருக்காரும்மா. கனமில்லாததா, குட்டையா. ஆஸ்கரைத் தோள்ல வெச்சுக் காட்டச் சொல்லி, பின்கட்டையை அறுத்து..."

"எந்தத் தோள்ல?" என்றாள் அர்லீன்.

"இடது தோள்ல."

அவள் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு வயசுல அவரோட பழைய துப்பாக்கியைக் கொண்டாந்தாரு. என்னால வலது தோள்ல வெக்க முடியலை. எனக்கு லீவர் வெச்சது வாங்கிக் குடுங்கன்னு கேட்டேன். 'எல்லாரும் பிடிக்கிற மாதிரி நீ பிடிக்கக் கத்துக்கோ, அன்னிக்குத் தர்றேன்'னாரு. நான் கத்துக்கலை. அவரு குடுக்கலை. எங்க வீட்டுல எல்லாச் சண்டையும் அதுல ஆரம்பிச்சதுதான். கல்யாணச் சண்டை கூட." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "எனக்குத்தான் கொண்டாந்தாரா? உங்களுக்குத் தெரியுமா?"

"அர்லீன், அவரு துப்பாக்கியோட வந்தாரு. வேலியில நின்னாரு. ஊருக்கே சொல்லிட்டுப் போனவரு, சொன்ன மாதிரியே வந்து நின்னாரு. நான் என்ன நினைப்பேன்?"

"லீவர் தொறந்திருந்துச்சா?"

லாய்ட் மேசையைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வழி இருந்தது. பனி, தூரம், கண்ணில் வெயில், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நானே அவனுக்கு மூன்று பொய் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"தொறந்துதான் தொங்கிச்சு" என்றான்.

"பாத்தியா?"

ஆறு வருஷத்துப் புருஷனை அவள் நீ என்று சொன்னதை நான் கவனித்தேன். அவனும் கவனித்தான்.

"பாத்தேன். ஆனா அதுக்குள்ள துப்பாக்கியைத் தோள்ல வெச்சுட்டேன். ஆறு வருஷமா அந்த வேலியில ஒரு மாடு உரசினாக்கூட அவருன்னுதான் எழுந்து ஓடுவேன். தூக்கினதை இறக்கியிருக்கலாம். எனக்குக் கட்டைவிரல் இருக்கு." அவன் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தான். "அப்புறம்தான் கிட்டப் போய்ப் பாத்தேன். புதுசு. குழல்ல கடை எண்ணெய் கூடப் போகலை. என் தோட்டாவைப் போட்டு மேலே பாத்து ஒரு தடவை சுட்டேன். துப்பாக்கியில புகை வாசனை வேணுமே. மூடி வெச்சேன்."

"பின்கட்டையைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருக்குன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும், உன்னைக் கொல்ல வந்தாருன்னு ஊர் சொல்லும்போது பக்கத்துல நின்னே. தினமும் நான் கல்லறைக்குப் போயிட்டு வந்து அந்த ஆளைத் திட்டும்போது காபி ஊத்திக் குடுத்தே."

லாய்ட் தன் காபிக் கோப்பையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அந்தக் கல்யாண விருந்தில் சவடால் பேசிய கிழவர்மேல் வந்தது. மகளிடம் தோற்றுப்போக அவருக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. தோற்க வந்த அன்றைக்கே அவருடைய வாய்ச்சவடாலே அவரைக் கொன்றுவிட்டது.

வெர்னா எழுந்து கதவுக்கு மேலே இருந்த துப்பாக்கியை எடுத்து, லீவரைத் திறந்து, உள்ளே விரல்விட்டுப் பார்த்து என்னிடம் தந்தார். "லாய்ட், கோட்டை மாட்டிக்கோ. ஷெரிஃப் வேட்டையிலேர்ந்து வர்ற வரைக்கும் உனக்கு அவரோட ஆபீஸ்தான்." அவன் தகராறு செய்யவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டான். பொத்தான் போடுவதற்குத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

அர்லீன் எழுந்தாள். மேசைமேல் கிடந்த குட்டைத் துப்பாக்கியை எடுத்தாள். லாய்ட் ஓரடி பின்வாங்கினான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, வேலியைப் பார்த்து, துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். கட்டை தோளில் பொருந்தியது. கன்னம் கட்டைமேல் உட்கார்ந்தது. முழங்கை மடங்க வேண்டிய இடத்தில் மடங்கியது. ஆறு வருஷமாக மகளிடம் பேசாத மனுஷர், அவள் கை எவ்வளவு நீளம் என்பதை எப்படி ஞாபகம் வைத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு துப்பாக்கியை இறக்கி, லீவரைத் திறந்து, வாய் திறந்த துப்பாக்கியை வெர்னாவிடம் நீட்டினாள்.

"இது சாட்சிப் பொருள்மா" என்றார் வெர்னா. "கோர்ட்டு முடியற வரைக்கும் அவங்ககிட்டதான் இருக்கும். திரும்ப வர நாளாகும்."

"வரட்டும்."

அவள் அடுப்பை அணைத்தாள். கொக்கியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்தாள்.

"நானும் உங்க வண்டியில டவுன் வரைக்கும் வர்றேன். ஆஸ்கர் கடை சாத்தறதுக்குள்ள போயிடலாமா? ஒரு டப்பா தோட்டா வாங்கணும்."